வெறுங்கல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. போடியில், ஆலயத்துக்கு அடுத்த மண்டபத்தில், என் பக்கத்து இலையில் ஜெபஷீலா உட்கார்ந்திருந்தாள். ஏலக்காய் வியாபாரி ராஜமணியின் மகள். மண்ணியல் படித்துவிட்டு, பாறைகளுக்குள் அருமண் தனிமங்கள் இருக்கின்றனவா என்று தேடும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கடையில் உட்கார்ந்து ஓசியில் பேப்பர் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த உறவில் என்னை அங்கிள் என்பாள்.

பாயசம் வருவதற்குள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "மலையில எடுத்த கல்லையெல்லாம் பையில போட்டு லேபுக்கு அனுப்புவோம்ல அங்கிள், அதோட ஒண்ணுமே இல்லாத கல்லு ஒண்ணையும் நம்பர் போட்டு அனுப்புவோம். லேபுக்காரவுகளுக்கு எதுன்னு தெரியாது. அதுலயும் ஏதோ இருக்குன்னு அவுக சொன்னா, எங்கனயோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்."

அவள் ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் சொன்னாள். நான் அதை வெறுங்கல் என்று வைத்துக்கொண்டேன். பாயசம் வந்ததும் போனதும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கரட்டின் மேல் உச்சி வெயில் —"

வேண்டாம். வெயிலில் தொடங்காத ஒரு கதையையாவது நான் எழுதிவிட்டுச் சாக வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "உங்கள் கைப்பேசி அதிர்கிறதே, அந்த அதிர்வுக்குக் காரணமான காந்தத்துக்குள் —"

இது பள்ளிக்கூடப் பாடம். ஆனாலும் இரண்டு வரி பாடம் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பூமியின் அடியில் உருகிக் கிடந்தது மேலே வந்து, ஆறி, இறுகினால் அது தீப்பாறை. ஆறும்போது எந்தக் கனிமத்தோடும் ஒட்டாமல் கடைசிவரை தனித்து நிற்கிற சில தனிமங்கள் உண்டு. சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று வாயில் நுழையாத பெயர்கள். அவை கடைசியாக இறுகும் கல்லில் போய் ஒதுங்கிக்கொள்ளும். வண்டி மோட்டார், கைப்பேசி, காற்றாலை எல்லாவற்றுக்கும் இன்று அவை வேண்டும். அவை இருக்கும் இடத்தில் தோரியமும் கொஞ்சம் இருக்கும். அதனால் கதிரை அளக்கும் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், இருக்கும் இடத்தில் அது அதிகமாகச் சத்தம் போடும். பாடம் முடிந்தது.

மூன்றாம் தொடக்கம், தேறியது:

3

ஜெபஷீலா ஊமைக்கரட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். (கம்பத்துக்கு மேற்கே, மலைத்தொடருக்குக் கொஞ்சம் முன்னால் தனியாக நிற்கும் சின்னக் குன்று. பெயர் நான் வைத்தது.) பின்னால் ஜீப் டிரைவர் ஸ்டீவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கல் சுமப்பது அவர் வேலை இல்லை. ஆனால் ஜீப்பில் தனியாக உட்கார்ந்திருக்க அவருக்கு என்னவோ பிடிக்கவில்லை.

"கீழ எல்லாரும் தங்கமான்னு கேக்குறாக மேடம். என்ன சொல்ல?"

"இல்லேன்னு சொல்லுங்கண்ணே."

"இல்லேன்னு சொன்னாத்தான் தங்கம்னு முடிவு பண்ணுவாக. செல்போனுக்குள்ள போடுற சாமான்னு சொல்லிட்டேன். ஒருத்தன், அப்ப சிக்னல் நல்லாக் கெடைக்குமான்னு கேக்குறான்."

ஜெபஷீலாவுக்குச் சிரிப்பு வந்தது. கரட்டில் ஏறத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு வந்த முதல் சிரிப்பு அதுதான். அந்த இடத்தில் பேசினால் குரல் திரும்பி வரவில்லை. எதிரே செங்குத்தான பாறை நின்றும் எதிரொலி இல்லை. கையிலிருந்த மீட்டர் மட்டும் விடாமல் டிக்டிக்கென்று சொல்லிக்கொண்டிருந்தது. பாறைகளில் பழுப்பு நிறப் பொட்டுகள் தெரிந்த இடங்களில் அது வேகம் பிடித்தது. அவள் சுத்தியலால் தட்டி, உடைத்து, பையில் போட்டு, எண் எழுதினாள்.

(இந்தப் பத்தியில் நான் அவளைப் பயமுறுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிரொலியோடு நிறுத்திக்கொண்டேன். எனக்கே இது பெரிய அடக்கம்.)

4

இங்கே எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. அவள் லேபைச் சோதிப்பதைப் போல நான் என்னைச் சோதித்தால் என்ன?

என் கதைகளில் வரும் ஆட்களெல்லாம் எங்கேயாவது நான் பார்த்தவர்கள்தான். ஒருவருடைய மூக்கு, ஒருவருடைய கோபம் என்று எடுத்து ஒட்டுவேன். இந்தக் கதையில் அப்படி இல்லாமல் ஒரே ஒருத்தியை முழுக்க என் மண்டையிலிருந்து செய்வது, யாருடைய சாயலும் அவளிடம் படாமல் பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். அவள் என் வெறுங்கல். அவளிடம் உயிர் இருப்பதாக யாராவது சொன்னால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவளுக்கு யுவராணி என்று பெயர் வைத்தேன். ஊமைக்கரட்டின் அடிவாரத்தில் தனி வீடு, ஒரு துண்டுத் திராட்சைப் பந்தல். புருஷன் ஈஸ்வரபாண்டி. கரட்டின் மேலே ஒரு ஊற்று இருந்தது. அதிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீரைப் பந்தலுக்கு இறக்கியிருந்தான். இலையும் சருகும் ஓஸின் வாயை அடைத்தால் அவன் மேலே ஏறிப் போய் எடுத்துவிட்டு வருவான். வரும்போதெல்லாம் ஒரு வெள்ளைக்கல் கொண்டுவந்து வாசலோரம் வரிசையில் வைப்பான். வெங்கச்சாங்கல் என்று நாம் சொல்வோமே, அது. அவன் திரும்பும்போது யுவராணி பந்தலுக்குள் இருந்தாலும் கடைக்குப் போயிருந்தாலும், புதுக்கல்லைப் பார்த்தால் ஆள் வந்தாயிற்று என்று தெரிந்துகொள்வாள்.

ஒருநாள் தண்ணீர் நின்றது. ஈஸ்வரபாண்டி மேலே போனான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. அவன் வரவில்லை.

தேடினார்கள். போலீஸ் வந்தது, நாய் வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஓஸ் ஒருநாள்கூட அடைக்கவில்லை. வாசலோரத்தில் கல் வரிசையும் நீண்டுகொண்டே

(எழுதிக்கொண்டிருக்கும்போதே புறங்கையில் மயிர் கூச்செறிந்தது. என் சொந்தச் சரக்கைப் பார்த்து நானே பயப்படுவது இதுதான் முதல் தடவை. வாக்கியத்தை முடிக்கவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

5

பிறகு இரண்டையும் முடிச்சுப் போட்டேன். கம்பெனி அனுப்ப வேண்டிய வெறுங்கல் மூட்டை வந்து சேரவில்லை. ஜெபஷீலாவுக்கு அவசரம். கரட்டிலிருந்து இறங்கும் வழியில் ஒரு வீடு, வாசலோரம் வரிசையாக வெள்ளைக்கற்கள்.

அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். கத்தியால் கீறிப் பார்த்தாள், கீறல் விழவில்லை. உடைத்தாள். உள்ளேயும் சுத்த வெள்ளை. மீட்டரைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அது சத்தத்தை நிறுத்திவிட்டது.

"பேட்டரி போயிருச்சா மேடம்?" என்றார் ஸ்டீவன்.

போகவில்லை. எந்த மண்ணிலும் எந்தச் சுவரிலும் அந்த மீட்டர் கொஞ்சமாவது டிக்டிக்கென்று சொல்லும். முழு ஊமையாக அது நின்று அவள் பார்த்ததே இல்லை. ஒன்றுமே இல்லாத கல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வரிசையிலிருந்து ஒரு கைப்பை நிறைய எடுத்துக்கொண்டு போனாள். லேபிலிருந்து முடிவு வந்தது. கரட்டுக் கற்கள் எல்லாவற்றையும்விட அந்த வெறுங்கல்லில்தான் அருமண் அதிகம்.

இந்த இடம்வரை எழுதி, தொழில் விஷயத்தில் பிழை இருக்கிறதா பார் என்று ஜெபஷீலாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நன்றாக நினைவில் வையுங்கள். அவள் என்னிடம் சொன்னது பந்தியில் சொன்ன அந்த ஒரு விஷயம் மட்டும்தான். நான் கம்பத்தைத் தாண்டி மேற்கே போய் வருடக்கணக்காகிறது. என் முழங்கால் எந்தக் கரட்டையும் ஏறாது.

6

மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள். ஹலோ சொல்லவில்லை.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"எதை?"

"வெளாடாதீக அங்கிள். நான் கல்லை எங்கன எடுத்தேன்னு எங்க மேனேஜருக்குத் தெரியாது. எங்கப்பாவுக்குத் தெரியாது. மூட்டை வரல, கையில கெடச்சதை எடுத்துட்டேன். அது தப்பு. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும். ஸ்டீவண்ணன் சொன்னாரா?"

"ஸ்டீவன் என்று ஒருத்தர் நிஜமாகவே இருக்கிறாரா?" என்று கேட்டேன். அந்தப் பெயரையும் நான்தான் வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மெதுவாகப் பேசினாள். வீடு இருப்பது உண்மை. வரிசை உண்மை. மீட்டர் நின்றது உண்மை. ஓஸில் வந்த தண்ணீரில் அவள் கை கழுவியிருக்கிறாள்.

"ரிசல்ட் இன்னைக்கிக் காலையிலதான் வந்துச்சு. நீங்க அனுப்புனது நேத்து. அந்தக் கல்லுலதான் அம்புட்டும் இருக்குதுன்னு வந்திருக்கு."

"யுவராணி?"

"அங்கன யாருமே இல்ல அங்கிள். வீடு பூட்டிக் கெடந்துச்சு. ஆளிருந்திருந்தா நான் எடுத்திருப்பேனா?"

நிம்மதியாக இருந்தது. வெறுங்கல் வெறுங்கல்லாகவே இருக்கிறது என்று ஒரு மூச்சு விட்டேன். மற்றதெல்லாம் எப்படியோ காற்றுவாக்கில் என் காதில் விழுந்திருக்கும்.

7

அவளுடைய மேனேஜர் சுந்தர்ராஜ் மதுரையில் இருப்பவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முதலில் லேபைத் திட்டினார். மிச்சத் தூளை மறுபடி சோதிக்கச் சொன்னார். அதே முடிவு வந்ததும், கம்பெனி மூட்டை வராததால் அவளே எங்கேயோ எடுத்த கல் அது என்று ஊகித்துக்கொண்டார், குரல் மாறிவிட்டது. "அந்தக் கல்லு எங்க கெடச்சது ஜெபா? அது எங்கேர்ந்து உருண்டு வந்துச்சோ, அங்கதான் நமக்கு ரிக். எடத்த மட்டும் மேப்புல குறிச்சு அனுப்பு."

ரிக் என்றால் துளை போடும் பெரிய இயந்திரம். அது வந்தால் கரட்டின் தலையைச் சீவி மட்டமாக்கி, வழி வெட்டி, ஊற்று இருக்கும் இடத்தில்தான் போய் நிற்கும். குறித்து அனுப்பினால் ஜெபஷீலாவின் ஒப்பந்தம் நிரந்தர வேலையாகும். நெடுநாளாக அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

குறிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை அந்த வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பையில் ஒரு கல் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் லேபில் தூளாகிவிட்டது. அந்த ஒன்றையாவது எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று கொண்டுபோனாள்.

வீடு திறந்திருந்தது.

பந்தலுக்கு அடியில் ஒரு பெண் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஜெபஷீலாவின் வயதுதான் இருக்கும். ஸ்டீவன் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. உச்சி வெயிலில் பந்தலின் நிழல் பொட்டுப் பொட்டாக அந்தப் பெண்ணின் மேல் விழுந்திருந்தது. ஓஸிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூப்பிடாமலே அந்தப் பெண் திரும்பினாள்.

"நீங்கதான் எடுத்தீகளா?"

"ஆமாக்கா. வீடு பூட்டியிருந்துச்சு."

"வீரபாண்டித் திருவிழாவுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா பாதி வரிசையக் காணோம்." குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜெபஷீலாவைக் கலங்கடித்தது. "என்னத்துக்கு எடுத்தீக?"

"வெறும் கல்லுன்னு நெனச்சேங்க்கா."

"அது எங்க வீட்டுக்காரவுக வச்சது. மேல போயிட்டு வாறப்பல்லாம் ஒண்ணு வைப்பாக. நான் பாக்காட்டியும் வந்தாகன்னு எனக்குத் தெரியணும்ல?"

ஜெபஷீலா கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள். "இப்பவும் வைக்கிறாகளா?"

"இப்பவுந்தான்." அந்தப் பெண் கையிலிருந்த இலைகளைக் கீழே போட்டாள். "ஊர்ல என்னென்னமோ சொல்றாக. காரியம் பண்ணச் சொல்லி எங்கண்ணன் தலைகீழா நிக்கிறான். கல்லு விழுந்துக்கிட்டு இருக்குற வரைக்கும் நான் தாலியக் கழட்ட மாட்டேன்னுட்டேன். மேல மெசினு வருதாமே, நெசமா?"

"இன்னும் முடிவாகலக்கா."

"அந்தச் சத்தங் கேட்டா அவுக எறங்க மாட்டாக. கூச்சம் புடிச்ச மனுசன்." பிறகு வரிசையில் இருந்த இடைவெளியைக் காட்டிச் சொன்னாள். "அம்புட்டுத் தடவ வந்தாக. அம்புட்டையும் எடுத்துட்டுப் போயிட்டீகளே ஆத்தா."

ஜெபஷீலாவின் தோள்பையில் அந்தக் கடைசிக் கல் கனத்தது. எடுத்துக் கொடுக்கக் கை போனது, நின்றுவிட்டது. அவள் கண் முன்னால் அதை எடுத்து வரிசையில் வைத்தால், யார் வேண்டுமானாலும் கல் வைக்கலாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துபோகும். இத்தனை நாள் விழுந்த கல்லெல்லாம் யார் வைத்தது என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வி வந்த பிறகு அவளிடம் என்ன மிஞ்சும்? ஜெபஷீலா வெறுங்கையை வெளியே எடுத்துக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

"பேரைக் கேட்டாயா?" என்றேன், இதையெல்லாம் ஜெபஷீலா வந்து சொன்னபோது.

"கேக்கல. நீங்களும் கேக்காதீக."

8

ஜெபஷீலா அறிக்கையில் இப்படி எழுதினாள்: பைகளின் எண்களை நான் மாற்றி எழுதிவிட்டேன், தவறு என்னுடையது, இந்த மூட்டை முழுவதையும் தள்ளுபடி செய்க, அந்தக் கரட்டில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. செய்த தப்பை மறைக்கச் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டாள் என்று சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ரிக் வரவில்லை. அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது அப்பா கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். கேட்டால் கை மணக்கிறது என்கிறாள். ஆனால் மலைப்பக்கம் பார்க்கும்போது அவள் முகம் போகிற போக்கை நான் பார்க்கிறேன். எனக்கு வலிக்கிறது.

போன வாரம் பையில் மிஞ்சிய அந்தக் கல்லை என் முன்னால் வைத்தாள்.

"நீங்கதான ஆரம்பிச்சீக. நீங்களே முடிங்க."

நானும் முயன்றேன். ஆளைத் தொலைத்தவன் நான் என்றால் ஆளைக் கொண்டுவரவும் என்னால் முடிய வேண்டும். பேனாவை எடுத்து எழுதினேன்:

"ஈஸ்வரபாண்டி கரட்டிலிருந்து இறங்கி —"

வரவில்லை. அடுத்த சொல் வரவே இல்லை. என் கதையில் நான் வைத்த ஓஸ் அடைக்கவில்லை, பேனா அடைத்துக்கொண்டது.

அதனால் முடிவுகளை அப்படியே உங்கள் முன்னால் வைக்கிறேன். அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போகும் நாளாகப் பார்த்து, யாரோ ஒருவர் போய்க் கல்லை வரிசையில் வைத்துவிடலாம். அவள் திரும்பி வந்து பார்ப்பாள், இரண்டு பேருக்கு உலை வைப்பாள். அது எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததா, பொய் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அல்லது வைக்காமல் விடலாம். அப்போதும் அவள் காத்திருப்பாள், இன்னும் கொஞ்சம் பயத்தோடு. அல்லது அவளிடமே போய் உண்மையைச் சொல்லலாம். எந்த உண்மையை? என் மண்டையில் பிறந்தவள் நீ என்றா? அவளுடைய அண்ணன் சொல்வது சரி என்றா? ஓஸை இன்றுவரை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

(இன்னொன்றும் தோன்றியது. இதற்கு முன்னால் விழுந்த கற்களையும் என்னைப் போல இரக்கப்பட்ட யாரோ வைத்திருக்கலாம். அப்படியானால் அந்தக் கற்களை லேபில் பொடித்தபோது என்னதான் இருந்தது? இதை அடித்துவிட நினைத்தேன், அடிக்கவில்லை.)

9

கதையை இங்கே நிறுத்தி, கல்லை வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்காமல், ராஜமணி கடையில் தராசுக்குப் பக்கத்தில் சாக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன். வேண்டும் என்கிற வாசகர் யாராவது வந்து எடுத்துப் போகட்டும், வழி ஸ்டீவனுக்குத் தெரியும், ஜீப்பில் கொண்டுபோய் விடுவார் என்று எழுதிக் கதையை முடித்தும் விட்டேன். நேற்றுக் காலை ராஜமணி போன் செய்தார்.

"ஏங்க, நீங்க ஒரு கல்லுதான குடுத்தீக?"

"ஆமாம்."

"கடையத் தொறந்தா இங்கன ரெண்டு கெடக்கு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. சாக்கு மேல, வரிசையா."

போனை வைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. கல் இருக்கும் இடத்துக்குத்தான் அவன் வருகிறான் என்றால், இப்போது வழி மாறிப் போடிக் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறான். அங்கே கரட்டடியில் அவள் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கல்கூட விழாது.

ராஜமணி கடை காலையில் சீக்கிரமே திறந்துவிடும். இரண்டில் எது நான் வைத்தது, எது அவன் வைத்தது என்று எனக்குத் தெரியாது, நீங்களும் ஆராய வேண்டாம். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை உங்களுடையது. நாள் கடத்தாமல் வாருங்கள்.